அட்டையில் செய்த கிட்டார்

ஸ்பெயின் நாட்டின் கிட்டார் தச்சர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862இல் ஒரு விசித்திரமான கருவியைச் செய்தார். அதன் முதுகும் பக்கங்களும் காகித அட்டை. முன்பலகை மட்டும் நல்ல மரம். கிட்டாரின் ஒலியைத் தீர்மானிப்பது எது என்ற கேள்விக்கு அவர் கையால் சொன்ன பதில் அது: முன்பலகைதான். அந்தக் கருவி இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தந்தி மட்டும் தனியே அதிர்ந்தால் எதிரில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. மெல்லிய தந்தி காற்றைக் கிழித்துக்கொண்டு ஆடுமே தவிர, காற்றைத் தள்ளாது. தள்ளும் வேலை முன்பலகையுடையது. தந்தியின் அதிர்வு, அதைப் பலகையோடு பிணைக்கும் பிரிட்ஜ் என்ற கட்டை வழியாகப் பலகைக்கு இறங்க, அகன்ற பலகை அறைக் காற்றையே அசைக்கிறது. அப்படி அசைய வேண்டுமென்றால் அது மெல்லியதாக இருக்க வேண்டும். கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்புரூஸ் அல்லது சிடார் பலகையின் கனம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர்தான். ஆறு தந்திகளும் சேர்ந்து அதை இழுக்கும் விசையோ சுமார் 40 கிலோ எடைக்குச் சமம். உள்ளே விசிறி வடிவில் ஒட்டிய மெல்லிய சட்டங்கள்தான் அதைத் தாங்குகின்றன. ஸ்டீல் தந்தி இதைவிட மிக அதிகமாக இழுக்கும். மாட்டினால் பிரிட்ஜ் பெயர்ந்து வரலாம், பலகை புடைக்கலாம். ஆகவே இதில் நைலான் மட்டுமே.

மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், இழந்து சுருங்கும். இந்த மாற்றம் ரேகையின் நீளவாக்கில் மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் அதிகம். ஆனால் பிரிட்ஜும் சில சட்டங்களும் குறுக்கே ஒட்டிப் பலகையைப் பிடித்திருக்கின்றன. சுருங்க வழியில்லாத பலகை வெடிக்கிறது. ஈரம் மிகுந்தால் பலகை மேலெழும். தந்தி விரற்பலகையை விட்டு விலகி, அழுத்துவது கடினமாகும். 45 முதல் 55 சதவீத ஈரப்பதமே இதற்கு உகந்தது. கடலோர ஊர்களின் மழைக்காலத்தில் அது 80ஐத் தாண்டும். வாசிக்காதபோது கிட்டாரைப் பெட்டியில் மூடி வையுங்கள்; உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள், பசை இளகும்.

நைலான் தந்தி போர் தந்த வரவு. அதுவரை கிளாசிக்கல் கிட்டாரில் பெரும்பாலும் குடல் தந்திகள்தான். இரண்டாம் உலகப் போரில் குடல் இழை அறுவை சிகிச்சைத் தையலுக்குப் போனதால் தந்திக்குத் தட்டுப்பாடு. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் தந்தி செய்தார். ஸ்பானியக் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். புதுத் தந்தி சில நாட்கள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். இழுவிசையில் நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல வழுக்கி நீள்வதுதான் காரணம், முறுக்காணியின் குற்றமல்ல. மறுபடி மறுபடி சுருதி கூட்டினால் அடங்கிவிடும். உலோக இழை சுற்றிய மூன்று தாழ்சுரத் தந்திகள் முதலில் மங்கும். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சுற்றுகளின் இடுக்கில் படிந்து உச்ச ஒலிகளை விழுங்கிவிடுகின்றன. வாசிக்கும் முன் கையைக் கழுவி, வாசித்தபின் தந்தியை உலர்ந்த துணியால் துடைத்தால் அவற்றின் ஆயுள் கூடும்.

வாசிப்பிலும் இதே இயற்பியல்தான். தந்தியின் நடுவில் மீட்டினால், நடுவில் அசையாப் புள்ளி கொண்ட இரட்டைப்படை மேற்சுரங்கள் எழாது, ஒலி மென்மையாகும். பிரிட்ஜ் அருகே மீட்டினால் உயர்ந்த மேற்சுரங்கள் மேலோங்கி, ஒலி கூர்மையாகும். இடக்கை விரலை, விரற்பலகையின் குறுக்கே பதித்த ஃபிரெட் என்ற கம்பியை ஒட்டி, அதன் பின்னால் வையுங்கள். குறைந்த அழுத்தமே போதும், கிரீச்சலும் வராது.

கிட்டார் அபசுரமாகத் தோன்றினால் ஒரு சோதனை. 12ஆம் ஃபிரெட் தந்தியின் நடுப்புள்ளி. அதற்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள்; பிறகு அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபட வேண்டும். தெளிவாக வேறுபட்டால், தந்தி சீரற்றுத் தேய்ந்திருக்கக்கூடும். தச்சரிடம் கொண்டுபோகும் முன் தந்தியை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் செலவு அதோடு முடியும்.