விரிசலின் மறுபக்கம்

பழைய வண்டிகள்: தொடர் – 17

போன வாரம் அம்பாசடர் கதவின் கீழ்விளிம்பில் துரு அரித்த தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் பற்றவைப்பதைப் பார்த்தோம். இந்த வாரம் உடலில் துருவே ஏறாத வண்டி. ஆனால் நம் சாலைகளில் இன்னும் அம்பாசடர் தென்படுகிறது. இந்த வண்டியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இது என் நெடுநாள் ஆற்றாமை. இவற்றில் பலவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பியது எஞ்சின் கோளாறு அல்ல. உடலில் விழுந்த விரிசலும், அதற்குச் செய்த தப்பான வைத்தியமும்தான்.

வண்டியின் பெயர் சிபானி டால்பின். பெங்களூரில் 1982-ல் வெளிவந்தது. பிரிட்டனின் ரிலையன்ட் நிறுவனம் செய்துவந்த கிட்டன் என்ற சின்னக் காரின் உரிமையை வாங்கி இங்கே தயாரித்தார்கள். இரண்டு கதவு, 848 சிசி அலுமினிய எஞ்சின், பின்சக்கர ஓட்டம். இரும்பு சேஸ், அதன்மேல் ஃபைபர் கிளாஸ் கூடு. அதற்கு முன்பே பாதல் என்ற மூன்று சக்கர வண்டியையும் அவர்கள் ஃபைபரில்தான் செய்தார்கள். தகரத்தை அச்சில் அழுத்தி உடல் செய்ய மாபெரும் பிரஸ்ஸும் கோடிக்கணக்கில் முதலும் வேண்டும். ஃபைபருக்கு ஒரு அச்சு, ரெசின், கண்ணாடி இழை, பழகிய கைகள் போதும். சிறிய நிறுவனம் கார் செய்ய வேறு வழியே இல்லாத காலம் அது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. டால்பினின் சந்தை சுருங்கிவிட்டது.

குடும்பக் கார்போல இருக்கும் இதை ஸ்போர்ட்ஸ் கார் வரிசையில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள், சோழவரத்தில் பந்தயம் பார்த்த பழைய ஆட்களைக் கேட்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் டால்பின் பெயர் சொல்லும்படி ஓடியது. கனமில்லாத உடல், பின்சக்கர ஓட்டம் இரண்டும் சேர்ந்ததால் வளைவில் அம்பாசடரும் ஃபியட்டும் செய்ய முடியாததைச் செய்தது. ஃபைபர் உடலோடு பந்தயத்துக்கு வண்டி செய்யும் கலை பின்னர் கோவையில் வேர்விட்டது. 1980-களின் இறுதியில் அங்கே ஃபார்முலா மாருதியை உருவாக்கிய கரிவரதனைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 1998-ல் வந்த சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கை திறந்த கார்கூட ஃபைபர் உடல்தான். வெளிநாட்டில் 1953-ல் செவர்லே கார்வெட் இந்தப் பொருளில் வந்தது; முதல் வருஷம் 300 வண்டிகள் மட்டுமே. 1957-ன் லோட்டஸ் எலீட்டுக்குத் தனி சேஸ்கூடக் கிடையாது, கூடுதான் எல்லாப் பாரத்தையும் தாங்கியது. அந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்குப் பழுது பார்க்கப் புத்தகங்கள் உண்டு, கடைகள் உண்டு. டால்பின்காரருக்கு எதுவுமில்லை.

பெங்களூரிலிருந்து சென்னைக்குக் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக வரும் நெடுஞ்சாலை டால்பின்களுக்குப் பழக்கமான பாதை. ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்குத் தோல் கொடுக்கும் ஒருவர் அப்படி வந்த ஒன்றைப் பல வருஷமாக வைத்திருக்கிறார். ஓட்டுநர் பக்கக் கதவின் கீல் பகுதியில் தொடங்கி விண்ட்ஸ்கிரீன் மூலை வரை விரிசல். பார்த்த டிங்கர்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்திருந்தார்கள்: கோட்டின்மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த மழைக்கு முன் அதே கோடு அதே இடத்தில் திரும்பி வந்தது.

டிங்கர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கை தகரத்துக்குப் பழகியது. தகரம் அடிபட்டால் குழியும். குழியைத் தட்டி எடுத்து, மிச்சப் பள்ளத்தைப் பட்டியால் நிரப்பலாம். ஃபைபர் குழியாது. அடிபட்டால் வளைந்து பழைய நிலைக்கே திரும்பும். அதன் மேல்தோலான ஜெல் கோட் அரை மில்லிமீட்டர் கனமுள்ள வெறும் ரெசின். அதில் இழை கிடையாது. உள்ளே இழை வளைகிற அளவுக்கு மேல்தோல் வளையாது, வெடித்துவிடும். அந்த வெடிப்பில் பட்டியை நிரப்பினால், வெடித்த பொருளைவிட விறைப்பான இன்னொன்றை அதே இடத்தில் வைத்ததாகும். வண்டி அடுத்த வேகத்தடையில் ஏறும்போது கூடு முறுக்கும். பட்டி மறுபடி பிளக்கும்.

ஃபைபர் விரிசலைச் சரிசெய்யத் தெரிந்த கை கார் பட்டறையில் இல்லை. அது தோல் தொழிலின் பின்கட்டில் இருக்கிறது. தோலைக் குரோம் ஏற்றுவதற்கு முன் உப்பிலும் கந்தக அமிலத்திலும் ஊறவைப்பார்கள். உப்பும் அமிலமும் இருக்கிற இடத்தில் சாதா இரும்பு நாள்பட நிற்காது. அதனால் இந்தத் தொழிலில் ஃபைபர் தொட்டி, ஃபைபர் லைனிங், ஃபைபர் குழாய்க்கு எப்போதும் வேலை உண்டு. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு கழிவுநீர் சுத்திகரிப்பு இந்தப் பகுதியில் கட்டாயமானது. பின்னாளில் வந்த ஆர்.ஓ. நிலையங்களில் சவ்வுகளை அடைத்துவைக்கும் நீளக் குழல்களும் ஃபைபர்தான். கசியும் தொட்டியை அடைப்பவருக்கு விரிசல் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒட்டு விட்டால் அமிலம் அவர் காலிலேயே கொட்டும்.

ராணிப்பேட்டைப் பக்கம் அப்படியொரு தொட்டி மேஸ்திரியின் ஷெட்டுக்கு அந்த டால்பின் போய்ச் சேர்ந்தது. நானும் கூடப் போயிருந்தேன். அவர் பெயின்டைப் பார்க்கவே இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, விரிசலுக்கு இருபுறமும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. கீலுக்கு மேலே ஒரு கை அகலத்துக்குச் சத்தம் அமுங்கிப் போனது. அங்கே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கின்றன என்று அர்த்தம்.

“பாய், கோடு இங்க முடியுதுன்னு நினைக்காதீங்க. உள்ளாற இன்னும் போயிருக்கு. டோர் ட்ரிம்மைக் கழட்டுங்க, பின்னாடி பார்க்கணும்” என்றார்.

கழற்றினார்கள். கீலின் போல்ட்டுகளுக்குப் பின்னால் நாலணா அகல வாஷர்கள் மட்டும். கதவின் முழுக் கனமும் அந்தச் சின்ன வட்டங்கள் வழியாக மூன்று மில்லிமீட்டர் ஃபைபரில் இறங்கியிருந்தது. விரிசல் பிறந்த இடம் அது.

விரிசலைப் படிக்கத் தெரிவது பாதி வேலை. நட்சத்திரம்போல ஒரு புள்ளியிலிருந்து கிளைகள் ஓடினால், அந்தப் புள்ளியில் கல்லோ முழங்கையோ இடித்திருக்கிறது. பெரும்பாலும் மேல்தோலோடு போகும். பக்கத்துப் பக்கத்தில் இணைகோடுகளாக ஓடினால் அந்தப் பலகை வளைந்துகொண்டே இருக்கிறது, பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டும். போல்ட் துளையிலிருந்து கிளம்பினால் பாரம் ஓரிடத்தில் குவிகிறது. பலகை முழுக்க மயிரிழையாகப் பின்னிக் கிடந்தால் அச்சில் வார்த்த அன்றே ஜெல் கோட் கனமாகப் போயிருக்கும்.

வேலை பின்பக்கத்தில்தான் தொடங்குகிறது. முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு அசிட்டோன். இந்த வரிசை முக்கியம். பாலிஷ் மெழுகு இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் மெழுகு உள்ளே இறங்கி, எந்த ரெசினும் பிடிக்காது. விரிசலின் உண்மையான முடிவைக் கண்டுபிடித்து அங்கே 3 மி.மீ. துளை போடுகிறார்கள், அதற்கு மேல் ஓடாமல் நிற்க. பிரிந்த அடுக்குகளைக் கிரைண்டரால் வெளியே எடுத்து, ஓரத்தைச் சரிவாகச் சீவுகிறார்கள். கனத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு சரிவு வேண்டும், 3 மி.மீ. பலகைக்குக் கோட்டின் ஒவ்வொரு பக்கமும் நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பழைய ஃபைபரோடு புது ரெசின் வேதியியலாகச் சேர்வதில்லை, ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். அதனால் ஒட்டுகிற பரப்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது. இந்தச் சரிவுக்கு நேரம் கொடுக்காத பழுது எதுவும் நிற்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெளிப்பக்கத்தில் தடித்த பாலிதீனைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்கிறார்கள், பின்னால் வைக்கும் ரெசின் ஒழுகாமல் வடிவம் நிற்க. 450 கிராம் கண்ணாடி இழை மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கொடுக்கும். ஆகவே மூன்று அடுக்கு. மேஸ்திரி மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தார். கிழித்த ஓரத்தில் இழைகள் நீண்டு மெலிந்து நிற்கும், பழையதோடு படி தெரியாமல் கலக்கும். முதலில் பரப்பின்மேல் ரெசின், பிறகு மேட், பிறகு மறுபடி ரெசின், பிரஷ்ஷால் குத்திக் குத்தி, வரியிட்ட இரும்பு ரோலரால் காற்றை ஓரத்துக்குத் தள்ளுவது. வெள்ளையாக இருந்த மேட் கண்ணாடிபோலத் தெளிந்தால் நனைந்துவிட்டது. வெள்ளைப் புள்ளி எங்கே மிஞ்சுகிறதோ அங்கே காற்று. அந்தப் புள்ளிகளை அவர் விரலால் தேடிப் பிடித்து அழுத்தினார். வெறுங்கை, பார்க்க எனக்குப் பதறியது.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ரெசின் விற்கும் கடைகளில் ஆக்சிலேட்டர் என்று ஊதா நிறத்திலும், கேட்டலிஸ்ட் என்று தண்ணீர்போலவும் இரண்டு பாட்டில் கொடுப்பார்கள். இரண்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆக்சிலேட்டரை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கும் வழக்கத்தை எந்தப் பட்டறையில் கண்டாலும் நிறுத்தச் சொல்லுங்கள். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் நெடிக்குத் துணிக்கட்டு போதாது, கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் தூசு கண்ணாடித் தூசு. முடிந்தவரை தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும்.

வேலூர் வெயிலுக்குக் கணக்கு வேறு. கேட்டலிஸ்ட் பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு. சித்திரையில் இரண்டு பங்கு போட்டால் ரெசின் டப்பாவிலேயே புகைந்து இறுகும். அதற்காக ஒன்றுக்கும் கீழே குறைத்தால் என்றைக்கும் முழுதாக இறுகாது. எனவே விடியற்காலையில், ஒரு டம்ளர் அளவில் மட்டும் கலக்கிச் செய்கிறார்கள். மூன்று அடுக்கையும் ஒரேயடியாக ஏற்றுவதில்லை. இரண்டு போட்டுச் சூடு அடங்கவிட்டு மூன்றாவது.

அடுக்குகள் இறுகிய பிறகு கீலின் பின்னால் உள்ளங்கை அகல அலுமினியத் தகடு ஒன்றைப் பதித்தார்கள், கதவின் கனம் பரவி இறங்கும்படி. இது இல்லாமல் மற்றதெல்லாம் செய்திருந்தால் விரிசல் புது ஒட்டின் ஓரத்தில் மறுபடி பிறந்திருக்கும். அதன் பிறகே வெளிப்பக்கம்: பழைய பட்டி முழுவதையும் சுரண்டி, கோட்டை ‘வி’ வடிவில் இழை தெரியும் வரை அகட்டி, மெல்லிய டிஷ்யூ மேட் ஒரு அடுக்கு. கடைசியில்தான் பட்டி, அதுவும் ஒரு மில்லிமீட்டருக்குள். டிங்கர் தொடங்கிய இடத்தில் மேஸ்திரி முடித்தார்.

பெயின்ட்டுக்கு அவசரப்படக் கூடாது. புது ரெசின் இறுகிய பிறகும் சில வாரம் மெல்லச் சுருங்கும். அதற்குள் பெயின்ட் அடித்தால் ஒட்டின் வடிவம் பளபளப்பில் தெரிந்துவிடும். வண்டியை வெயிலில் நிறுத்திவைத்தால் சீக்கிரம் அடங்கும், அந்த விஷயத்தில் வேலூர் வெயில் நல்லது. பிறகு 400-ம் நம்பர் வாட்டர் பேப்பர், எபாக்சி பிரைமர், பியூ பெயின்ட். பெயின்ட் பூத்தில் தகரக் கார்களுக்கு வைக்கும் சூட்டை வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய பாலியெஸ்டர் உடல் சூட்டில் இளகி வடிவம் மாறும்.

அடுத்த வாரம்: இதே டால்பினின் அலுமினிய எஞ்சின், அதன் சூடேறும் கோளாறு.