எள்ளில் பச்சைப்பூ: பூஞ்சாண மருந்து வீண்

விருத்தாசலம் பகுதி விவசாயிகளே, எள் பூக்கும்போது வயலை ஒருமுறை சுற்றி வாருங்கள். சில செடிகளில் பூ வரவேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து நிற்கும். பார்க்கச் செழிப்பாக இருக்கும்; காய் பிடிக்காது. இதுதான் பச்சைப்பூ நோய்.

பூஞ்சாணக்கொல்லி வாங்கிவிடாதீர்கள், காசுதான் வீண். செடியின் சாற்றுக்குழாயில் வாழும் ‘பைட்டோபிளாஸ்மா’ என்ற நுண்ணுயிரியே காரணம். (கத்தரியில் வரும் சிற்றிலை நோயும் இந்த வகைதான்.) நோயுற்ற செடியில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி, அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகிறது.

நோய் கண்ட செடி தேறாது. பச்சையாக இருக்கிறதே என்று விட்டுவைக்க வேண்டாம். கண்ட அன்றே வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். தத்துப்பூச்சி பெருகியிருந்தால் மட்டும் வேளாண் அலுவலரைக் கேட்டுப் பூச்சிமருந்து தெளிக்கலாம். அடுத்த பட்டத்தில் 6 வரிசை எள்ளுக்கு 1 வரிசை துவரை ஊடுபயிராக விதையுங்கள்.