சங்கம் சேர்ந்தால் கட்டுப்பணம் குறையுமா?

வேலையாள் ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்தால் செலவு யாருடையது? அமெரிக்காவின் ஒஹியோ மாநிலத்தில் இதற்கான காப்புறுதியைத் தனியார் கம்பனிகள் விற்பதில்லை. பெரும்பாலான முதலாளிமார் அரச பணியகத்துக்கே கட்டுப்பணம் செலுத்த வேண்டும்.

விபத்தே நடக்காத சின்னக் கடையானாலும், தனியே நின்றால் பெரிய கழிவு கிடைக்காது. ஒரே விதமான தொழில் செய்வோர் ஒரு சங்கத்தின் கீழ் குழுவாகச் சேர்ந்தால் கிடைக்கும். ஆனால் எல்லாச் சங்கமும் குழு அமைத்துவிட முடியாது. சங்கம் குறைந்தது 2 வருடமாவது இயங்கியிருக்க வேண்டும். இந்தக் கழிவுக்காக அல்லாமல் வேறு நோக்கத்துக்காகத் தொடங்கியதாகவும் இருக்க வேண்டும். குழுவில் 100 பேர், இல்லாவிட்டால் மொத்தக் கட்டுப்பணம் 150,000 டொலருக்கு மேல். விபத்துகளைக் குறைக்கவும் வழி காட்ட வேண்டும்.

வேறு நோக்கம் என்ற நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது. சலுகை என்றதும் கடிதத்தலைப்பும் ரப்பர் முத்திரையுமாகச் சங்கங்கள் முளைப்பது நாம் காணாததா?

கசப்பும் உண்டு. ஒரு பெரிய விபத்து நடந்தால் போதும், அடுத்த வருடம் குழுவில் இடமில்லாமல் போகலாம். கட்டுப்பணமும் ஏறும். 2000களில் கழிவு 90 வீதத்தைத் தொட்டபோது, உள்ளே இருந்தவர்களின் சலுகையை வெளியே நின்ற சிறு முதலாளிகளே சுமந்தார்கள். முறைப்பாடுகள் கூடிய பிறகுதான் பணியகம் உச்சக் கழிவைப் படிப்படியாக வெட்டியது.