முட்டைக்கா, ஒட்டுண்ணிக்கா? கொசுவுக்குள் ஒரு பங்கீடு

மாணவர்களே, டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை நீங்கள் நன்கு அறிவீர்கள். மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் என்னும் வேறொரு கொசு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் மலேரியாவால் ஏறக்குறைய 597,000 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் சிறு குழந்தைகள்.

கடிப்பது பெண் கொசு மட்டுமே. ஏன் தெரியுமா? பசியாற அதற்குப் பூந்தேன் போதும். முட்டைகளை வளர்க்கத்தான் இரத்தத்திலுள்ள புரதம் வேண்டும். முட்டைகள் இரண்டு மூன்று நாள்களில் முதிர்ந்துவிடும். ஆனால், அதே இரத்தத்தோடு உள்ளே நுழைந்த மலேரியா ஒட்டுண்ணி அடுத்த மனிதரைத் தொற்றும் நிலையை அடையப் பத்து நாள்களுக்கு மேல் பிடிக்கும். அதுவரை அதற்கும் தீனி வேண்டுமே! கொசுவின் உடலில் மிஞ்சியிருக்கும் சத்துதான் அதற்குக் கதி.

இந்தப் பங்கீட்டில் தலையிடுகிறது ஒரு குட்டி மூலக்கூறு. பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ. நீங்கள் பாடத்தில் படிக்கும் தூது ஆர்.என்.ஏ., புரதம் தயாரிக்கும் கட்டளையை ரைபோசோமுக்குக் கொண்டுசெல்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வோ எந்தப் புரதத்தையும் உருவாக்காது. அதன் நீளமே ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகள்தாம். தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைத்துவிடும். விளக்கை அணைப்பதைவிட வெளிச்சத்தை மங்கச் செய்வதற்கு ஒப்பான வேலை இது. 1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்புரோசும் கேரி ருவ்கனும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள். புழுவைப் படித்து என்ன பயன் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்!

பெர்லினிலுள்ள மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் ஆய்வுக்கழகத்தினர், அனாபிலிஸ் கொசுவின் எம்.ஐ.ஆர்-276 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். அமினோ அமிலங்களைச் சிதைக்கும் ஒரு நொதியை இது அடக்கிவைக்கிறது. 'முட்டைக்குக் கொடுத்தது போதும், இனி உடலைக் கவனி' என்று கொசுவுக்குச் சொல்வதைப் போன்றது அது. ஆய்வாளர்கள் எம்.ஐ.ஆர்-276ஐத் தடுத்தபோது, கொசு தன் சத்தை முட்டைகளுக்கே தொடர்ந்து செலவிட்டது. ஒட்டுண்ணியின் வளர்ச்சி குன்றியது.

நல்ல செய்திதானே? அவசரப்படாதீர்கள். அதே கொசுக்களின் இனப்பெருக்கத் திறனும் கூடிவிட்டது! ஒட்டுண்ணி நலிந்தாலும் கொசுக்கள் பெருகினால் கொசுவலைக்குள் உறங்கும் குழந்தைக்கு ஆபத்து குறையுமா, கூடுமா? ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இம்முறையைக் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இது.