நெகிழ்தல் என்னுஞ் சொல்

இறுகியதொன்று அவ்விறுக்கம் விடுதலை உணர்த்துஞ் சொற்கள் தமிழிற் பல. தணிதல், வெம்மையுஞ் சினமுங் குறைதல். தளர்தல், வலி குறைதல். அவிழ்தல், கட்டு விடுதல். நெகிழ்தலோ, பொருள் அழியாது நிற்க அதன் இறுக்கமொன்றே விடுதல். இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி யளவில் நில்லாது, சித்தாந்த முடிபொன்றனுக்கும் விளக்கமாதலின் ஈண்டு ஆராயப்படுகின்றது.

இதனோடு உறவுடையது 'நெகு' என்பது. புகு, புக்கு என்றாதல்போல நெகு, நெக்கு என்றாகும். சான்றோர் செய்யுளில் 'ஞெகிழ்' எனவும் வரும். அகப்பாடல்களிற் பிரிவாற்றாத தலைவியின் வளை நெகிழும். திருக்குறளில் 124-ஆம் அதிகாரமாகிய உறுப்புநலனழிதலில், 1236-ஆங் குறள் தொடியோடு தோளும் நெகிழ்தலைக் கூறும். ஆண்டுத் தொடி உடைந்ததுமன்று, தோள் அற்றதுமன்று. இரண்டற்கும் இடைநின்ற பிடிப்பே விட்டது. அரும்பு நெகிழ்ந்து மலராதலும், கனி நெகிழ்ந்து முதிர்தலும் இவ்வாறே. இந்நாளிற் பிளாஸ்டிக்கை 'நெகிழி' என வழங்குதலும், உருவம் வளைந்துகொடுக்கும் இயல்பு நோக்கியேயாம்.

அகத்தில் துயர்க்குறியாய் நின்ற இச்சொல், அருளாளர் திருவாக்கிற் பேற்றின் குறியாயிற்று. திருவாசகத்தில் 'நெக்கு' என்பது உருகுதலோடு அடுத்து வருதல் ஓதுவார் யாவரும் அறிந்ததே. நெஞ்சு நெகிழ்தலை மனவலியின்மை என்பாருமுளர். அது பொருந்தாது. வலியிழந்தது தளரும், 'யான், எனது' என்னும் பிடிப்பு விட்டதே நெகிழும். நெகிழ்ந்த நெஞ்சினராய அடியார் பிறர்க்கஞ்சாது நின்றமையை அப்பரடிகள் வரலாற்றாற் காண்க.

இனிச் சித்தாந்தத்திற்கு வருவாம். ஆணவமலம் அநாதி, நித்தப்பொருள், ஆகலின் முத்தியினும் அது பொருளளவில் அழியாது, அதன் சத்தியே மடங்கும். ஞாயிற்றின்முன் இருள் போல அடங்கிநிற்கும். எனவே, பாசம் உயிரைவிட்டு நீங்குதற்கு 'நெகிழ்தல்' என்னுஞ் சொல் மிகப் பொருத்தமுடைத்து.

அற்றேல், நூல்கள் பாசம் அறுதல் என்றும் கூறுமே யெனின், அது சத்தி கெடுதல் நோக்கிக் கூறியது. பொருளின் அழிவு நோக்கியதன்றென்க. பரிபாகம் என்பதும் கனிவேயன்றோ? காய் இறுகப் பற்றிய காம்பைக் கனி எளிதின் விடும். அதுபோல மலம் பக்குவமெய்தியவழிச் சத்திநிபாதம் நிகழும். அதுவும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் எனப் படிப்படியாக நிகழ்தலின், ஒருங்கே அறும் அறவன்றிப் பையப்பைய விடும் நெகிழ்ச்சியே ஈண்டைக்கு ஒக்கும்.

இன்னுமொன்று. நெகிழ்தல் தன்வினை, நெகிழ்த்தல் பிறவினை. இறுகக் கட்டுண்டவன் தன் கையாலே தன் கட்டை விடுவித்தல் இயலாது. உயிர் நெகிழ்வது, நெகிழ்த்துவது திருவருள். 'யான் நெகிழ்ந்தேன்' எனத் தருக்குவானாயின், நெகிழாத ஆணவமே அங்ஙனம் பேசுகின்றதென்று அறிக. ஒரு சொல்லின் தன்வினை பிறவினை வேறுபாட்டுள் உயிரின் நிலையும் இறைவனது கருணையும் ஒருங்கு விளங்குதல் தமிழின் பெருமையாம்.