நிலையாய்வும் ஓட்டவாய்வும்

கணினிச் செய்நிரலொன்று பிழையற்றதெனத் துணிவதற்கு அறிஞர் கைக்கொள்ளும் நெறிகள் இரண்டு. செய்நிரலை இயக்காது, அதன் கூற்றுகளை மட்டும் நோக்கி, அஃது எவ்வெவ்வாறு நடத்தல் கூடுமெனத் தருக்க முறையால் ஆராய்தல் நிலையாய்வு எனப்படும். தெரிந்தெடுத்த உள்ளீடுகளைக் கொடுத்து இயக்கி, விளைவை நோக்குதல் ஓட்டவாய்வு ஆகும். தேரின் அச்சையும் சில்லையும் நின்ற நிலையிற் பார்த்தல் முன்னையதற்கும், வெள்ளோட்டம் விடுதல் பின்னையதற்கும் ஒப்பாகும்.

இவ்விரண்டும் தனித்தனியே குறையுடையன. ஓட்டவாய்வு தான் சென்ற வழியை மட்டுமே அறியும். 32 துவித இலக்கங்கள் கொண்ட எண்கள் இரண்டைப் பெறும் ஒரு சிறு செய்நிரலின் உள்ளீடுகள் அனைத்தையும் வினாடிக்கு 100 கோடி வீதம் சோதிப்பினும் 580 ஆண்டுகளுக்கு மேற்செல்லும். நிலையாய்வோ எல்லா வழிகளையும் ஒருங்கே தழுவ முயல்வது. எனினும், எச்செய்நிரலின் நடத்தை பற்றியும் தவறாது விடைதரும் பொதுமுறை இல்லையென்பது 1936 இல் அலன் ரூரிங் நிறுவிய முடிபிலிருந்து பெறப்படும். ஆதலின் நிலையாய்வு சிலபோது பிழையில்லாத இடத்தும் எச்சரிக்கை செய்யும். அன்றியும், அதன் முடிபு அது கொண்ட எடுகோளின் அளவினதே.

1996 யூன் 4 ஆம் நாள் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூ தளத்திலிருந்து எழுந்த ஏரியன் 5 ரொக்கெட்டு 40 வினாடியளவிற் சிதறியமை இதற்குத் தக்க சான்றாகும். அதன் திசையறி கருவியின் செய்நிரல் ஏரியன் 4 இலிருந்து எடுக்கப்பட்டது. மிதக்கும் புள்ளி எண்ணொன்றை 16 துவித இலக்க முழுவெண்ணாக மாற்றுகையில், அவ்வெண் 32,767 என்னும் எல்லையைக் கடந்தமையாற் கருவி நின்றது. அதே செய்நிரலையுடைய துணைக்கருவியும் அவ்வாறே நின்றது. இத்தகைய மீறலுக்கு இடமான மாறிகள் 7 என்பது முன்னரே ஆராய்ந்து அறியப்பட்டிருந்தது. எனினும் கணினியின் சுமை மிகாதிருத்தற் பொருட்டு 4 மாறிகளுக்கே காப்பிடப்பட்டது; ஏனைய 3 மாறிகளும் எல்லை கடவா எனக் கொள்ளப்பட்டது. ஏரியன் 4 இன் பாதைக்குப் பொருந்திய அவ்வெடுகோள், கிடைவேகம் மிகுந்த ஏரியன் 5 இன் பாதைக்குப் பொருந்தவில்லை. புதிய பாதைக்குரிய தரவுகளைக் கொடுத்து அக்கருவி சோதிக்கப்படவுமில்லை. ஆராய்ச்சியும் ஓட்டமும் ஒன்றையொன்று வினாவாதிருந்தன.

பிற்காலத்து முறைகள் இவ்விரண்டையும் இணைக்கின்றன. 2002 இல் வெளிவந்த சீகியூர்ட் என்னும் கருவி, சீ மொழிச் செய்நிரலில் நினைவகத்தைச் சுட்டும் மாறிகளை நிலையாய்வால் வகுத்து, ஐயத்துக்கிடமானவற்றுக்கே ஓட்டநேரக் காப்பை மிகுவிக்கும். 2005 இல் வெளிவந்த டார்ட் என்னும் கருவி, செய்நிரலை ஒருமுறை ஓட்டி, அது கடந்த நிபந்தனைகளைச் சமன்பாடுகளாகத் திரட்டி, அவற்றுள் ஒன்றை மறுத்துத் தீர்வு கண்டு, இதுவரை செல்லாத வழியிற் செலுத்தும் உள்ளீட்டைத் தானே ஆக்கும். முன்னையதில் ஆராய்ச்சி ஓட்டத்தின் சுமையைக் குறைக்கின்றது. பின்னையதில் ஓட்டத்துக்கு வழிகாட்டுகின்றது.

நிறுவப்பட்டதை மீண்டுஞ் சோதித்தல் வீண்வேலையெனச் சிலர் கருதுவர். நிறுவலுக்கு அடிப்படையான எடுகோள் ஓட்டத்திலும் நிலைபெறுகின்றதா என்பதை நிறுவல் தானே அறியாது. அதனை வெளிப்பட எழுதிவைத்து, ஓட்டத்தின்போது காத்தலே இரு நெறிகளையும் இணைப்பதன் பயனாகும்.