பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவிகளின் இரைச்சல்

நுரையீரல் முதிராமல் பிறந்த குழந்தைக்கு வென்டிலேட்டர், சிபாப் போன்ற கருவிகள் காற்றைச் செலுத்தும்போது இடைவிடாத ஒலி எழுகிறது. உயிர் காக்கும் சிகிச்சையின் பக்கவிளைவு இது. கருவியை நிறுத்த முடியாது. ஆனால் இரைச்சலில் ஒரு பங்கைத் தவிர்க்க முடியும்.

கடலூர் மாவட்டத்தில் பெரிய அரசு மருத்துவமனைகள் இரண்டு. ஒன்று கடலூரிலுள்ள அரசு தலைமை மருத்துவமனை. மற்றொன்று சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் உள்ளது. 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021இல் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் மாறியது. குறைமாதக் குழந்தைக்கு மூச்சு உதவி தரும் எந்த மருத்துவமனைக்கும் கீழுள்ள செய்திகள் பொருந்தும்.

இந்தியாவில் பரவலாகப் பயன்படுவது குமிழி சிபாப். ஆக்சிஜன் கலந்த காற்று ஈரமும் சூடும் ஊட்டப்பட்டு, மூக்கில் பொருத்திய சிறு குழல்கள் வழியே செல்கிறது. வெளிச்செல்லும் குழாயின் நுனி, போத்தல் நீரில் 5 செ.மீ. ஆழத்தில் மூழ்கியிருந்தால், ஏறத்தாழ 5 செ.மீ. நீர் அழுத்தம் மூச்சுப்பாதையில் நிலைக்கும். அதனால் நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்வதில்லை. குமிழிச் சத்தம் நின்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஆகவே அந்தச் சத்தம் செவிலியருக்கு வேண்டியதும்கூட.

தொல்லை அதிகம் தருவது மூக்கருகே காற்று சீறும் ஒலிதான். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று செலுத்தும் காற்றின் அளவு கூடக் கூட இது உயரும். மூக்குக்குழல் சரியான அளவில் இல்லாவிட்டாலோ, குழந்தையின் வாய் திறந்திருந்தாலோ காற்று கசியும். அழுத்தம் குறையாமலிருக்க ஓட்டத்தைக் கூட்டுவார்கள். சீறல் இன்னும் பெரிதாகும். பொருத்தமான குழலை மாட்டுவதே இதற்கு முதல் மருந்து. குழாயில் தேங்கும் நீரும் கலகலக்கும். அதை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். மூக்கின் பின்புறத்தை நடுச்செவியுடன் ஊஸ்தேகியன் குழல் இணைப்பதால், அறையில் வைத்த ஒலிமானி குழந்தை கேட்பதை முழுமையாகக் காட்டாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997இல் இப்பிரிவுகளுக்கு 45 டெசிபெல் என்ற அளவைப் பரிந்துரைத்தது. நடைமுறையில் பல நாடுகளிலும் இது மீறப்படுகிறது. டெசிபெல் மடக்கை அளவு. 10 கூடினால் ஒலியாற்றல் 10 மடங்காகும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவு குறைந்த ஒழுங்குமுறையைக் கடைப்பிடித்து, வென்டிலேட்டர் அறையில் சுமார் 9 டெசிபெல் குறைத்ததாக 2009இல் ஆய்வு வெளியானது. புது இயந்திரம் வாங்காமலே பலன் கிடைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. அலாரத்தை உடனே கவனிப்பது, இன்குபேட்டர் கதவை அறையாமல் மூடுவது, அதன்மேல் பொருள் வைக்காதிருப்பது எல்லாம் கைப்பழக்கம் சார்ந்தவை.

கருவில் ஏறக்குறைய 25 வாரத்தில் கேட்கத் தொடங்கும் சிசுவை, தாயின் உடல் உயர் அதிர்வெண் ஒலிகளிலிருந்து காக்கிறது. முன்கூட்டிப் பிறந்தால் அந்தத் திரை இல்லை. திடீர் ஒலியால் இதயத்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் மாறலாம், தூக்கம் கலையும். ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும் செவியைப் பாதிக்கக்கூடியவை. இரைச்சலும் அவையும் சேர்ந்தால் பாதிப்பு கூடுவதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இப்பிரிவில் 5 நாட்களுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. சோதனை மட்டும் போதாது. அது உட்செவியைத்தான் பார்க்கும். செவி நரம்பின் குறையைத் தவறவிடும். 'பெரா' சோதனையும் தேவை. 1 மாதத்துக்குள் முதற்சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட கால அளவு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது இச்சோதனைகள் முடிந்தனவா, மறுதேதி எது என்பதைப் பெற்றோர் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.